காந்திமதி அவிழ்த்துவிட்ட சொற்கள்

காந்திமதி அக்கா வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்து டெல்லி கிட்வாய் நகரில் யாரும் கேட்டதில்லை. பால்காரர் தண்ணீரைத் தாராளமாகக் கலந்த நாட்களில்கூட, "நல்லாயிருங்க பையா" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அப்படிப்பட்டவளைத்தான் மத்திய அரசின் ஓர் இயக்ககம், தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்த மறு வருஷம், ஆபாசச் சொற்களுக்குப் பொறுப்பாளராக நியமித்தது.

அக்கா பாளையங்கோட்டைக்காரி. பரீட்சை எழுதி மத்திய அரசு வேலை வாங்கிச் சின்ன வயதிலேயே டெல்லிக்கு வந்தவள். கணவர் சுப்பையா ரயில்வேயில் கணக்குப் பிரிவு. ஒரே மகள் புனேயில் ஹாஸ்டலில் இருந்தாள். எங்கள் வீட்டுக்கு எதிர்ப் படிக்கட்டில் கீழ்த்தளம் அவர்களுடையது. காலையில் சார்ட்டர்ட் பஸ், மதியம் அலுவலகப் புல்தரையில் மற்றப் பெண்களோடு வெயில் காய்ந்தபடி ஸ்வெட்டர் பின்னுவது, மாலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம். இதில் எங்கேயும் ஆபாசத்துக்கு இடமில்லை.

அப்போதுதான் அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறைகள் திறந்து, இன்டர்நெட்டும் கொடுத்தார்கள். கொடுத்த மறுநாளே மேலிடத்துக்குக் கவலை வந்துவிட்டது. பிள்ளைகள் கண்டதையும் பார்த்துவிட்டால்? 'பால ரக்ஷக்' என்று ஒரு மென்பொருள் வாங்கினார்கள். தகாத சொல்லை யாராவது தட்டினாலோ, தகாத சொல் உள்ள பக்கத்தைத் திறந்தாலோ, திரை முழுக்கச் சிவப்பாகும். 'இந்தச் சொல் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல' என்று இந்தியில் எழுத்து வரும். கூடவே பீப் பீப் என்று கத்தும். நல்ல மென்பொருள்தான். தகாத சொற்கள் எவை என்பது மட்டும் அதற்குத் தெரியாது. யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அந்த இயக்ககத்தின் துணை இயக்குநர் நாரங் சாஹிப், ஆபீசர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு. இன்னொருவர் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டார் என்ன வேலை என்று விசாரித்தால் என்ன சொல்வது? கடைசியில் காந்திமதியைக் கூப்பிட்டார். கள்ளுக்கடைக் காவலுக்குக் குடிக்காதவன்தான் வேண்டும் என்ற பொருளில் ஏதோ சொன்னார். அக்காவுக்கு அது பாராட்டாகவே பட்டது. சொற்களைச் சேர்க்கவும் நீக்கவும் உரிய பாஸ்வேர்டு அவளிடம் மட்டுமே கொடுக்கப்பட்டது. வேறு யாரும் அதைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

முதல் கமிட்டிக் கூட்டத்திலேயே அடிப்படைப் பிரச்சினை கிளம்பிவிட்டது. அரசியல் சாசனத்தில் அப்போது பதினெட்டு மொழிகள். எல்லா மொழிகளும் சமம் என்றால், தடை செய்யப்படும் சொற்களின் எண்ணிக்கையும் சமமாக இருக்க வேண்டாமா? இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எங்கள் மொழியில் கெட்ட சொல்லே கிடையாது என்றார் சம்ஸ்கிருதப் பிரதிநிதி. ஆனால் தங்களுக்குரிய இடங்களை வேறு மொழிக்கு விட்டுத்தர மாட்டோம் என்றும் சொன்னார். பஞ்சாபிப் பிரதிநிதிக்கோ ஒதுக்கிய இடம் ஒரு தெருவுக்குக்கூடப் போதவில்லை. தமிழுக்கு வேறு ஆள் இல்லாததால் காந்திமதியே தமிழ்ப் பிரதிநிதியும் ஆனாள்.

அவளுக்குத் தெரிந்தது மூதேவி, சனியன், கட்டையில போவான். அவற்றை மொழிபெயர்த்துக் கொடுத்தபோது நாரங் சாஹிப் ஏமாற்றத்தோடு பார்த்தார். முதலாவது தெய்வம், இரண்டாவது கிரகம், மூன்றாவது எல்லாருக்கும் நடக்கப்போவது. இதில் ஆபாசம் எங்கே என்று கேட்டார். அக்கா வீட்டுக்கு வந்து சுப்பையாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் பேப்பரைத் தாழ்த்தினார்.

"ஏளா, இத்தனை வருசமா உன் முன்னால ஒரு வார்த்தை வழுக்கிராம வாயைக் கட்டி வச்சிருக்கேன். இப்ப கவர்மெண்டுக்காக அவுத்து விடச் சொல்லுதியா?"

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வாக்கிங் போய்விட்டார். வழக்கமாக அவர் வாக்கிங் போகிறவர் அல்ல.

எங்கள் வரிசையில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த செல்லம்மாள், ஜங்புராவில் தமிழர் குடிசைகள் நிறைந்த மதராசி கேம்ப்பில் குடியிருந்தவள். குழாயடிச் சண்டையில் எல்லாம் கிடைக்கும் என்று அலுவலகத்தில் யாரோ யோசனை சொல்ல, அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு கேம்ப்புக்குப் போனாள். அங்கே நடந்தது வேறு. கவர்மெண்டு அம்மா வந்திருக்கிறாள் என்று நாற்காலி போட்டார்கள். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. குழாயடியில் நின்ற பெண்கள் அவளுக்காகக் குரலைத் தாழ்த்தி, "நீங்க புடிங்கக்கா", "இல்ல, நீங்க புடிங்க" என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். அக்கா வந்த காரியத்தைச் சொன்னதும் செல்லம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னாத்துக்கும்மா கவர்மெண்டுக்கு இதெல்லாம்? தண்ணி லாரி வராத அன்னிக்கு அவங்களே இங்க வந்து நின்னா தானா காதுல விழுமே."

வெறுங்கையோடு திரும்பிய அக்காவுக்கு அடுத்த வாரமே வழி பிறந்தது. சுப்பையா உறுப்பினராக இருந்த ஒரு தமிழ்க் கலாசார மன்றத்தில் வருடாந்தரப் பொதுக்குழு. அண்டர் செக்ரட்டரிகள், ஆடிட்டர்கள், ஓய்வுபெற்ற ஒரு தலைமைப் பொறியாளர். பொங்கல் விழாவுக்கு வாங்கிய மைக் செட் யார் வீட்டில் இருக்கிறது என்ற கேள்வி எழுந்த அரை மணிக்குள், தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் எல்லாம் நிரம்பி வழிந்தன. பின்வரிசையில் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்த செயலாளர், நம் கூட்டத்தில் அக்கறையாகக் குறிப்பெடுக்கும் ஒரே உறுப்பினர் இவர்தான் என்று மேடையில் நன்றி சொன்னார்.

பால ரக்ஷக் வேலை செய்ய ஆரம்பித்தது. எழுத்துக்களைப் பார்க்குமே தவிர அதற்கு மொழி தெரியாது. ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் பின்புறத்தைக் குறிக்கும் குண்டியும் இந்தியில் கதவுத் தாழ்ப்பாளைக் குறிக்கும் குண்டியும் அதற்கு ஒன்றுதான். அதே இயக்ககம் வெளியிட்ட 'வீட்டில் தனியாக இருக்கும் குழந்தைகளுக்கு' என்ற அறிவுரைப் பக்கம் ஆங்கில எழுத்தில் அடித்த இந்தியில் இருந்தது. அதன் முதல் வரி, உடனே குண்டியைப் போட்டுக்கொள் என்பது. அந்தப் பக்கம் டெல்லி முழுக்கச் சிவப்பானது. இந்திப் பிரிவிலிருந்து கண்டனம் வந்தது. உங்கள் உறுப்புக்காக எங்கள் கதவைத் திறந்து போடமுடியாது என்று அதில் இருந்தது. தமிழின் இடத்தைக் குறைத்தால் பார்லிமெண்டில் பிரச்சினை வரும் என்று நாரங் பயந்ததால், தாழ்ப்பாள் தடையிலேயே இருந்தது.

அதைவிடப் பெரிய சங்கடம் நாரங்குக்கே வந்தது. அரசாங்கத்தில் ஒரே ஆள் இரண்டு வேலை பார்த்தால் நடுவில் 'கம்' போடுவார்கள், கிளார்க்-கம்-டைப்பிஸ்ட், டிரைவர்-கம்-மெக்கானிக். அந்த மூன்று ஆங்கில எழுத்துக்கு அமெரிக்காவில் வேறு பொருள் இருக்கிறதாம். மென்பொருளோடு வந்த சொற்களில் அதுவும் இருந்தது. நாரங்கின் பதவி துணை இயக்குநர்-கம்-ஒருங்கிணைப்பாளர். அவர் பள்ளிகளுக்கு அனுப்பிய மின்னஞ்சல் ஒவ்வொன்றும், அனுப்புநரின் பதவி குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று திரும்பி வந்தது. அந்தச் சொல்லை நீக்கிவிடலாமே என்று அக்கா கேட்டாள். தன் பதவிக்காக ஆபாசத்தை அனுமதித்தார் என்று பின்னால் யாராவது சொல்வார்கள் என்று அவர் மறுத்துவிட்டார். அதன் பிறகு அவர் கடிதங்கள் எல்லாம் பழையபடி பியூன் கையில் சைக்கிளில் போயின.

அக்கா இதையெல்லாம் மதியம் புல்தரையில் சிரிக்காமல் சொல்வாளாம். அவளுக்கு இது வேடிக்கையே இல்லை. பிள்ளைகளைக் காப்பாற்றும் வேலை. தன் மகள் வயசுப் பெண்கள் எதைப் பார்க்கிறார்களோ என்று நிஜமாகவே அவளுக்குப் பதற்றம் இருந்தது. சிவப்புத் திரை வந்த ஒவ்வொரு மாணவருக்கும், உங்கள் குழந்தை தகாத சொல்லைப் பயன்படுத்தியது, கண்டிக்கவும் என்று பாதுகாவலருக்குக் கடிதம் அனுப்பலாம் என்பது அவளுடைய யோசனைதான். அதற்கு ஒரு பாராட்டுக் குறிப்பும் வாங்கினாள்.

அந்தச் சமயத்தில் கரோல் பாகிலிருந்து அனிருத் என்ற இளம் வக்கீல் ஒரு மனு போட்டான். தடை செய்யப்பட்ட சொற்கள் எவை என்று பொதுமக்களுக்குத் தெரியவேண்டும், பேச்சுரிமை சம்பந்தப்பட்ட விஷயம் என்று எழுதியிருந்தான். அந்தச் சொற்களை வெளியிடுவதே தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம், ஆகையால் தர இயலாது என்று அக்கா பதில் தயாரித்தாள். அவன் நேரிலேயே வந்துவிட்டான். டெல்லியில் பிறந்து வளர்ந்த பையன். தமிழைக் கொஞ்சம் தடுக்கித் தடுக்கித்தான் பேசினான்.

"ஆன்ட்டி, எதைப் பேசக்கூடாதுன்னு தெரியாம நான் எப்படி ஆன்ட்டி பேசாம இருக்கறது?"

"தெரிஞ்சா பேசிருவேல்லா. அதுக்குத்தான் சொல்லல" என்றாள் அக்கா.

அவன் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, இது சட்டப்படி தப்பு, ஆனால் எங்கே தப்பு என்று உடனே சொல்ல வரவில்லை என்றான். அக்கா அவனுக்கு முறுக்கு கொடுத்து அனுப்பினாள்.

எங்கள் மாடியில் குடியிருந்த வத்சலா, ஒரு பெண்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். ஒரு மார்ச் மாத மாலை, பள்ளியிலிருந்து வந்த சேலையை மாற்றாமல் நேரே அக்கா வீட்டுக்கு வந்தாள். நானும் அப்போது அங்கே இருந்தேன். உட்கார் என்று அக்கா சொன்னதை அவள் கேட்டதாகவே தெரியவில்லை.

"அக்கா, காலையில முதல் பீரியட்ல எட்டாம் கிளாஸ் பொண்ணு ஒருத்தி. பீப்னு கத்தினதும் லேபே சிரிச்சுது. நான் திட்டறதுக்குத்தான் போனேன். அவ அடிச்சது கெட்ட வார்த்தை இல்லக்கா. வீட்டுல ஒருத்தர் தப்பா நடந்துக்கறார், யார்கிட்ட சொல்றதுன்னு கேட்டிருக்கா. அதுல உடம்போட ஒரு பாகத்தோட பேரு இருந்துது. அதுக்கு வேற பேரு இல்லையேக்கா, பாவம், அவ என்னன்னு அடிப்பா?"

அந்தச் சொல் எந்த மொழியின் பங்கில், எந்தத் தேதியில் சேர்க்கப்பட்டது என்பது அக்காவுக்கு நினைவிருந்திருக்கும். பிறகு, பள்ளிப் பதிவில் பாதுகாவலர் யார் என்று மட்டும் கேட்டாள்.

"அவளோட சாச்சா, அப்பாவோட தம்பி. அந்த ஆளே அவர்தான்."

அன்று மதியம் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதக் கட்டுக்குள் அந்தப் பெண்ணின் பள்ளிப் பெயரை அக்கா பார்த்திருந்தாள். உங்கள் குழந்தையைக் கண்டிக்கவும். அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது; யாரும் போய் அணைக்கவில்லை.

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் அவள் நேரே தபால் பிரிவுக்குப் போனாள். அங்கே இருந்த தர்மன், வேலூர்ப்பக்கத்து ஆள், விதிமுறை தவறாதவர். பதிவேட்டில் ஏற்றி டைரி நம்பர் போட்டாகிவிட்டது, இனி அது உங்கள் கடிதம் இல்லை, பாரத அரசாங்கத்தின் கடிதம் என்றார். அக்கா தட்டிலிருந்த கட்டைப் பிரித்து, அந்த ஒரு உறையை எடுத்து, ஸ்வெட்டர் பையில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்தாள். தர்மன் அதுவரை மேலே மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அது இந்த வருஷமும் சரியாகச் சுற்றவில்லை என்று புகார் சொன்னார்.

அன்றே லீவு எழுதிக்கொடுத்துவிட்டு அக்கா பள்ளிக்குப் போனாள். ஓக்லாவில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்த அந்தப் பெண்ணின் அம்மாவை வத்சலா வரவழைத்திருந்தாள். கம்ப்யூட்டர் அறையைப் பூட்டிக்கொண்டு நால்வரும் உட்கார்ந்தார்கள். பெண் வாய் திறக்கவில்லை. அம்மா கெஞ்சினாள், கோபப்பட்டாள், அழுதாள். கடைசியில் அந்தப் பெண் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கீபோர்டில் கை வைத்தாள். அவளுக்கு அங்கேதான் வந்தது. ஒரு வரி முடிவதற்குள் திரை சிவப்பாகிக் கத்தியது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடி கத்தியது. இந்தச் சொல் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல.

அக்கா அவளை மெல்ல நகரச் சொல்லிவிட்டுத் தன் பாஸ்வேர்டைப் போட்டாள். இணைப்பு கிடைக்கப் பத்து நிமிஷம் ஆனது. ஒரு பள்ளிக்கு மட்டும், ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் என்று சொல்லை விடுவிக்க அதில் வசதி இல்லை. விட்டால் டெல்லி முழுக்க விட வேண்டும். அக்கா உடம்பின் பாகங்கள் எல்லாவற்றையும் தேடித் தேடி நீக்கினாள். தொடுதல் சம்பந்தப்பட்ட சொற்களையும் நீக்கினாள். எல்லா மொழியிலும். பிறகு எழுந்து இடம் கொடுத்தாள்.

"இப்ப அடி கண்ணு. கத்தாது" என்றாள். தமிழில்தான் சொன்னாள், அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது.

அவள் அடித்ததை வத்சலா தணிந்த குரலில் அம்மாவுக்குப் படித்துச் சொன்னாள். படித்து முடிந்தபோது அம்மா அழுகையை நிறுத்தியிருந்தாள். அன்று சாயங்காலமே மகளைக் கூட்டிக்கொண்டு திரிலோக்புரியில் தன் உடன்பிறந்தவள் வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தைகளுக்கான ஓர் உதவி அமைப்பின் பெண் ஒருத்தி போலீஸ் ஸ்டேஷனுக்கு உடன் போனாள். அந்தச் சாச்சா கொஞ்ச நாள் தலைமறைவாக இருந்து பிறகு பிடிபட்டான்.

அக்கா மீது குற்றப்பத்திரிகை வந்தது. தகுதியுள்ள அதிகாரியின் ஒப்புதலின்றி ஆபாசச் சொற்களை அவிழ்த்துவிட்டார் என்பது குற்றம். காரணத்தை அக்கா எழுதிக் கொடுத்திருந்தாள். அது தனி விஷயம், இது தனி விஷயம் என்று நாரங் எழுதினார். அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று அடிக்கடி விசாரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார்.

விசாரணை அதிகாரி பட்நாகர்ஜி ஓய்வு பெறப்போகும் மனிதர், தினமும் காலையில் அனுமான் கோயிலுக்குப் போகிறவர். அவிழ்த்துவிடப்பட்ட சொற்கள் சீல் வைத்த உறையில் அவருக்கு முன்னால் இருந்தன. குற்றச்சாட்டை முழுமையாக வாசித்துக் காட்டுவது விதி. முதல் நாள் நவராத்திரி விரதம், முடியாது என்றார். அடுத்த முறை சுருக்கெழுத்துக்கு வந்த பெண் உறையைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டாள். ஆண் ஒருவரை வரவழைத்தபோது தமிழ்ச் சொற்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. அலுவலகத்தில் விசாரித்துப் பார்த்து, தமிழுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆள் காந்திமதிதான் என்று கண்டுபிடித்து, தன் மேலான குற்றச்சாட்டைத் தானே மொழிபெயர்க்கும்படி அவளுக்கே உத்தரவு வந்தது.

அக்கா வீட்டில் அதைப் படித்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு அனிருத்துக்குப் போன் போட்டு, முன்பு அவன் எழுதிய மனுவில் ஒரு நகல் வேண்டும் என்றாள். எதற்கு என்று அவன் கேட்டான்.

"நீ கேட்டது சரிதான்பா. எந்தச் சொல்லுன்னு தெரியாம நான் எப்படிப் பதில் சொல்லுவேன்? அதையே நானும் கேக்கப் போறேன்."

அவன் நகலை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து வந்தே கொடுத்தான். வக்கீலுக்கு அந்த விசாரணைக்குள் அனுமதி இல்லை, வராந்தாவில் உட்கார்ந்திருந்தான்.

மூன்றாவது அமர்வில் அக்கா எழுந்து, எந்தச் சொற்களை நான் அவிழ்த்துவிட்டேன் என்று ஒவ்வொன்றாக, எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள், அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன் என்று இந்தியில் சொன்னாள். பட்நாகர்ஜி உறையை எடுத்தார். உடைத்தார். முதல் தாளைப் பார்த்தார். உடம்பின் பாகங்கள்தான், டாக்டரிடம் போனால் நாமெல்லாம் சொல்கிற சொற்கள். அவர் உதடு இரண்டு தடவை அசைந்தது. பிறகு தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டு, உங்களுக்கு மகள் உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள். எனக்குப் பேத்தி இருக்கிறாள் என்றார் அவர். குற்றச்சாட்டின் பொருள் வாய்விட்டுச் சொல்லத்தக்கதாக இல்லாததால் விசாரிக்க இயலவில்லை என்று எழுதி, கோப்பை மூடிவிட்டார்.

சொற்களை மறுபடி சேர்க்க ஒரு புதிய உத்தரவு வேண்டும். அதில் அந்தச் சொற்கள் இருக்க வேண்டும். இயக்ககத்துக் கம்ப்யூட்டர்களிலும் அதற்குள் பால ரக்ஷக் போட்டிருந்தார்கள். அக்கா நீக்காமல் விட்ட ஏதோ ஒரு சொல்லில் முட்டி உத்தரவின் வரைவு சிவப்பாகிக் கத்தியதாம். டைப் செய்தவர் அதை அப்படியே விட்டுவிட்டார்.

ஆனால் அரசாங்கம் எதையும் அப்படியே விட்டுவிடாது. குழந்தைகளின் பாதுகாப்பும் வேண்டும், பேச்சுரிமையும் வேண்டும் என்று நாரங் ஒரு சமரசம் கண்டுபிடித்தார். இனிமேல் அத்தகைய சொல்லைத் தட்டினால் திரை மஞ்சளாகும். 'நீங்கள் இந்தச் சொல்லை நல்ல நோக்கத்துக்காகப் பயன்படுத்துகிறீர்களா?' என்று கேட்கும். கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். மேலிடத்தில் இதை வெகுவாகப் பாராட்டினார்கள். பள்ளிகளில் எல்லாரும் 'ஆம்' அழுத்தினார்கள், வேலை நடந்தது. இரண்டு வருஷம் கழித்து மேலும் நான்கு மொழிகள் சாசனத்தில் சேர்ந்தபோது, அந்தக் கேள்வியை அவற்றிலும் மொழிபெயர்த்தார்கள்.

காந்திமதி அக்காவை எழுதுபொருள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பென்சிலும் கோந்தும் நிம்மதி என்று சொன்னாள். திரிலோக்புரிக்கு வத்சலாவோடு சிலமுறை போய்வந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு நீல ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தாள், கை கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. பதவி ஓய்வு நாளன்று வத்சலா அவளிடம் ஒரு விஷயம் சொன்னாள். லேபில் ஒரு சுட்டிப் பெண் சும்மா பார்க்கலாமே என்று 'இல்லை' பொத்தானை அழுத்தியிருக்கிறாள். அதற்கும் பக்கம் திறந்ததாம்.